யு.கே.ஜி. பி பிரிவு வெப்சைட்டும் கேட் தேவமணியும்

தேவமணியிடம் ஒரு முழம் மல்லிகைப்பூவைக் கொடுத்துப் பாருங்கள். முகர மாட்டாள். நாருக்கு நடுவில் எதையாவது வைத்துச் சுற்றியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பூ தலைக்குப் போகும். பாதி சுபாவம், பாதி உத்தியோகம். ஓசூர் சிப்காட்டில் காருக்குச் சின்னச் சின்ன மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் லேடி செக்யூரிட்டி. ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகும் பெண்களின் டிபன் பாக்ஸைத் திறப்பது, குடையை விரிப்பது, கைப்பையைக் கவிழ்ப்பது, இதெல்லாம் அவள் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தி, பார்த்தால் கும்பிடத் தோன்றும் முகம், "சாப்ட்டீங்களாக்கா" என்று சிரித்துக் கேட்டுவிட்டு நடந்தாள். என்னவோ தோன்றித் தேவமணி கூப்பிட்டு நிறுத்தினாள். கொண்டைக்குள் செப்புக்கம்பிச் சுருள். அன்றோடு சிரிக்கிற மனுஷர்கள் மேல் அவளுக்கிருந்த நம்பிக்கை போயிற்று. பால்காரன் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறான். ஆட்டோக்காரன் சிரித்தால் சுற்றிக்கொண்டு போகப் போகிறான். சர்ச்சில் பக்கத்துப் பெஞ்சுக்காரி சிரித்தாலும் காணிக்கைப் பையை ஒரு தரம் பார்த்துக்கொள்வாள்.

அவள் புருஷன் ஐசக் வேறொரு கம்பெனியில் ஃபிட்டர். இரண்டு பேரும் நாசரேத் பக்கம். கல்யாணமான கையோடு ஓசூருக்கு வந்தவர்கள். வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவன் வாசலில் நின்று இரண்டு கையையும் தூக்குவான்.

"ஏட்டம்மா, உள்ள வரலாமா? இல்ல பாஸ் எழுதிக் குடுக்கணுமா?"

"அந்தப் பையில என்ன இருக்குன்னு சொல்லிட்டு வாங்க," என்பாள் இவள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா நிஜமாகவே கேட்கிறாளா என்பது அவனுக்கே தெரியாது.

கம்பெனி கேட்டில் ஒரு முறை இருந்தது. முன்பெல்லாம் செக்யூரிட்டிக்குப் பிடிக்காதவர்களாகப் பார்த்துத் தினம் சோதனை போடுகிறார்கள் என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். சமாதானம் பேசித்தான் ஒரு தகரப் பெட்டி வந்தது. மேலே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. உள்ளே பந்துகள், பெரும்பாலும் பச்சை, கொஞ்சம் சிவப்பு. வெளியே போகிறவர்கள் கையை விட்டு ஒன்று எடுக்க வேண்டும். பச்சை வந்தால் நடையைக் கட்டலாம். சிவப்பு வந்தால் பக்கத்தில் திரை போட்ட அறைக்குள் முழுச் சோதனை. யார்மேலும் யாரும் குறை சொல்ல முடியாது. பெண்கள் பெட்டியின் சாவி தேவமணியின் இடுப்பில் இருந்தது.

அந்தப் பெட்டிக்குள் கையை விட்டு அடிக்கடி சிவப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறவள் ராஜலட்சுமி. டிசைன் செக்‌ஷனில் வேலை. தருமபுரிக்காரி. அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடியது. புருஷன் வேலை பார்த்த கம்பெனி பூட்டிக் கிடந்தது. எத்தனை முறை சோதனை போட்டாலும் "அக்கா, பாத்துக்கோங்க" என்று பையைத் தானே திறந்து காட்டுவாள். ஒரு நாள் அவள் பையில் பேப்பர் சுற்றிய பொட்டலம் இருந்தது. "பிரிங்க மேடம்" என்றாள் தேவமணி. அது நாப்கின். ராஜலட்சுமி முகம் சுண்டிப்போய், பிரித்துக் காட்டிவிட்டுப் போனாள். இதை இவள் மனசில் வைத்திருப்பாள், ஒரு நாள் திருப்பிக் கொடுப்பாள் என்று தேவமணி அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

ஊழ்வினை மாதிரி இரண்டு பேர் பிள்ளைகளும் பாகலூர் ரோட்டில் ஒரே மெட்ரிகுலேஷன் பள்ளியில், ஒரே யு.கே.ஜி. பி பிரிவில் வந்து சேர்ந்தார்கள். தேவமணியின் மகள் ஜாஸ்லின். ராஜலட்சுமியின் மகன் அஸ்வின். கேட்டில் மேடமும் அக்காவுமாக இருந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் அஸ்வின் அம்மா, ஜாஸ்லின் அம்மா ஆனார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மிஸ் ஒன்று சொல்லி அனுப்பினால் பிள்ளை வீட்டில் வேறொன்று சொல்கிறது என்பதுதான் எல்லாருடைய புலம்பலும். பாதி வீட்டில் தெலுங்கு, சில வீட்டில் கன்னடம். அப்பா அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போயிருப்பார், அம்மா நைட் ஷிஃப்டில் இருப்பாள். ராஜலட்சுமி எழுந்தாள்.

"நம்ம வகுப்புக்குன்னு நாமளே ஒரு வெப்சைட் நடத்தலாங்க. வாரம் ஒருத்தரு முறை வெச்சுக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு வகுப்புல வந்து உக்காந்து, நாலு போட்டோ எடுத்து, என்ன நடந்துச்சுன்னு நாலு வரி எழுதிக் குடுத்தாப் போதும். ஏத்தற வேலைய நான் பாத்துக்கறேன்."

பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கும் வெங்கடப்பன் தன் டிஜிட்டல் கேமராவைத் தருவதாகச் சொன்னார். பள்ளி முதலாளி, "செய்யுங்க, ஆனா பொறுப்பு எங்களுது இல்ல" என்று கையை உதறினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளையின் படம், பெயர், அம்மா அப்பா என்ன வேலை, இவ்வளவும் வேண்டும் என்றாள் ராஜலட்சுமி.

தேவமணிக்கு மூக்கில் வியர்த்தது. கூலி வாங்காமல் ஒருத்தி வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள் என்றால் சும்மாவா? பிள்ளை முகம், அப்பன் ஆத்தாள் விவரம், எல்லாம் கேட்கிறாள். உலகத்தில் எவன் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். அதிலும் கேட்பது யார்? தன்னால் அவமானப்பட்டவள்.

"எம் பிள்ள படம் போட வேண்டாம்," என்றாள்.

"சரிங்க ஜாஸ்லின் அம்மா. போட மாட்டோம்," என்றாள் ராஜலட்சுமி.

அந்தச் 'சரி' தேவமணியை ராத்திரி முழுக்கப் புரட்டியது. வாதாடியிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். உடனே ஒத்துக்கொண்டாளே, அது ஏன்?

வெப்சைட் வந்தது. வெங்கடப்பன் தெலுங்கு வாடையடிக்கும் தமிழில் எழுதினார். யாரோ ஒருவர் கன்னடப் பாட்டை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் போட்டார். திங்கட்கிழமையானால் பிள்ளைகள் வகுப்பில் "நான் கம்ப்யூட்டர்ல வந்தேனே" என்று குதித்தன. ஜாஸ்லின் வீட்டுக்கு வந்து அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நச்சரித்தாள். சரி, என்னதான் செய்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிடலாம் என்று தேவமணி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனாள்.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் கரும்பலகை, அப்புறம் தலைகள், அப்புறம் முகங்கள். வகுப்பு முழுக்க வரிசையாக நின்று எடுத்த படம். ஜாஸ்லின் நின்ற இடத்தில் சீருடை இருந்தது, ரிப்பன் இருந்தது, முகத்துக்கு மேல் ஒரு மஞ்சள் பூவை ஒட்டியிருந்தார்கள்.

"எனக்கு மட்டும் ஏம்மா மூஞ்சி இல்ல?" என்று கேட்டது பிள்ளை. கேட்டுவிட்டு அழக்கூட இல்லை. திரையையே பார்த்துக்கொண்டு நின்றது. தேவமணி அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் கோபமாக மாறிவிட்டது. "பாத்தியளா? வேணும்னே பண்ணியிருக்கா. அத்தன பிள்ளைகளுக்கு நடுவுல எம் பிள்ள மட்டும் சீக்கு வந்தது மாதிரி நிக்கி."

"நீதானட்டி போடக்கூடாதுன்ன," என்றான் ஐசக்.

"போடக்கூடாதுன்னேன். இப்படி மறைன்னா சொன்னேன்?"

"மறைக்காம எப்படிட்டி போடாம இருக்க?"

அதைக் கேட்டு அவள் கோபம் இரட்டிப்பானது. பிள்ளை மூன்று நாள் கம்ப்யூட்டர் என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க ராஜலட்சுமியைச் சும்மா விடக்கூடாது என்று தேவமணிக்குள் ஒன்று வளர்ந்தது. சாப்பாட்டு நேரத்தில் அந்த மேடம் கேன்டீனுக்கு வருவதில்லை, கம்ப்யூட்டர் முன்னாலேயே டிபனைத் திறந்துவைத்து எதையோ செய்துகொண்டிருக்கிறாள் என்று கூட்டுகிற பாப்பம்மா பேச்சுவாக்கில் சொன்னாள். போதாதா? டிசைன் செக்‌ஷன். கம்பெனியின் வரைபடமெல்லாம் இருக்கிற இடம். பிள்ளைகள் வெப்சைட்டு என்று ஊருக்கு ஒரு பேர், உள்ளே நடப்பது வேறு. செப்புக்கம்பிக்காரியும் சிரித்துக்கொண்டுதானே போனாள்.

லைனில் மோட்டார் பூட்டும் பெண்கள் முதலில் போய்விடுவார்கள். ஆபீஸ் பெண்கள் ஒருவர் இருவராகப் பிற்பாடுதான் வருவார்கள். அந்த இடைவெளியில், வியாழக்கிழமை, தேவமணி இடுப்புச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். பச்சைப் பந்துகளை எல்லாம் அள்ளித் தன் சாப்பாட்டுக் கூடையில் போட்டாள். சிவப்பை மட்டும் விட்டுப் பூட்டினாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு காரியம் செய்தவளில்லை. செய்தால் என்ன, திருடியைப் பிடிக்கத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ராஜலட்சுமி வந்தாள். கையை விட்டாள். "இன்னைக்கும் சிவப்புங்களா," என்று சலிப்பாகச் சொல்லிவிட்டுத் திரைக்குள் வந்தாள். டிபன் பாக்ஸ் சரி. பர்ஸ் சரி. மடித்து வைத்திருந்த மழைக்கோட்டை உதறியபோது காகித உறை போட்ட ஒரு சி.டி. கீழே விழுந்தது.

கம்பெனியை விட்டு ஒரு சி.டி. பாஸ் இல்லாமல் வெளியே போனால் வேலை போகும். கேட் சுவரிலேயே பெரிதாக எழுதியிருந்தது.

"இது என்ன மேடம்?"

ராஜலட்சுமியின் உதடு உலர்ந்துவிட்டது. "அக்கா, அது உங்களுக்குத்தாங்க."

"எனக்கா?"

"ஜாஸ்லின் போட்டோவுங்க. வெப்சைட்டுல போடாம ஒதுக்கி வெச்சதெல்லாம். மத்தவங்க அவங்கவங்க புள்ளைய பாத்துக்கறாங்க, உங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லையேன்னு மனசு கேக்கல. எங்கூட்ல சி.டி. எழுதற மிஷின் இல்ல, அதான் மத்தியானம் இங்க எழுதினேன். தப்புதான். சனிக்கிழமை ஸ்கூல்ல குடுக்கலாம்னு இருந்தேன்."

"இங்கனயே குடுத்திருக்கலாம்லா?"

"கேட்டுல உங்க கையில ஒரு மிட்டாய் குடுத்தாக்கூட உங்க வேலைக்குத்தானுங்களே ஆபத்து."

அது நிஜம். ஊழியர்களிடமிருந்து செக்யூரிட்டி எதையும் வாங்கக் கூடாது. அது நிஜமாக இருந்ததே தேவமணிக்கு உறுத்தியது. எவ்வளவு பொருத்தமாகச் சொல்கிறாள், முன்கூட்டியே யோசித்து வைத்திருப்பாள்.

"வெறும் படந்தான்னா உங்களுக்குப் பயம் எதுக்கு?"

"அக்கா, வேல போயிட்டா எங்கூடு நின்னு போயிடுங்க. ஒரு தரம் யோசிங்க."

தேவமணி யோசிக்கவில்லை. செக்யூரிட்டி ஆபீசர் கரியப்பனைக் கூப்பிட்டாள்.

கரியப்பன் மிலிட்டரியில் இருந்து வந்த மனுஷர். எதையும் நின்ற இடத்தில் முடிக்க மாட்டார். சி.டி.யையும் இரண்டு பேரையும் ஆட்கள் விவகாரம் பார்க்கும் பெர்சனல் ஆபீசர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆபீசர் சி.டி.யைப் போட்டார். தேவமணி வரைபடத்துக்காகக் காத்திருந்தாள். கோடும் வட்டமும் வரும், இவள் முகம் வெளுக்கும், நம் பேச்சு நிற்கும் என்று ஆசையாகவே காத்திருந்தாள்.

ஜாஸ்லின் வந்தாள். பெஞ்சில் தலை சாய்த்து வாயைத் திறந்து தூங்குகிற ஜாஸ்லின். தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றித் தன் காலையும் நனைத்துக்கொண்ட ஜாஸ்லின். அப்புறம் ஒரு படம். வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் கையைத் தூக்கி நிற்கின்றன. தலையில் காகிதத் தொப்பியோடு ஜாஸ்லின் அஸ்வினின் டிபன் பாக்ஸைத் திறந்து, புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறாள். பின்னால் நிற்கிறதுகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரிக்கின்றன. அஸ்வினும்தான்.

"அம்மா அப்பா என்ன வேலைன்னு நடிச்சுக் காட்டச் சொன்னாங்க மிஸ். அன்னைக்கு எடுத்ததுங்க," என்றாள் ராஜலட்சுமி, யாரையும் பார்க்காமல்.

தேவமணிக்குக் கண் பொங்கிக்கொண்டு வந்தது. பிள்ளை இப்படியெல்லாம் இருப்பாள் என்றே அவளுக்குத் தெரியாது. இவள் பார்க்கிற ஜாஸ்லின் காலையில் தூக்கக் கலக்கத்தில் கிளம்புவாள், சாயங்காலம் சோறு ஊட்டும்போதே கண் சொருகுவாள். நடுவில் இருந்த பிள்ளையை இந்தப் பெண்தான் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"உங்க பொண்ணாம்மா?" என்றார் ஆபீசர்.

"ஆமா சார்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கம்பெனி சிஸ்டத்துல எழுதினது, பாஸ் இல்லாம வெளிய எடுத்தது. படமா இருந்தாலும் ஒண்ணுதான், டிராயிங்கா இருந்தாலும் ஒண்ணுதான்." கரியப்பனைப் பார்த்து, "சஸ்பென்ஷன் டைப் பண்ணச் சொல்லுங்க. தேவமணி பேரையும் எழுதிக்கோங்க, நல்லா பிடிச்சிருக்காங்க," என்றார்.

ராஜலட்சுமி கெஞ்சவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தேவமணி வாயை மூடிக்கொண்டு நின்றால் நல்ல பேர். வாயைத் திறந்தால் இந்த யூனிஃபார்ம் இருக்காது. ஐசக் என்ன சொல்வான், வீட்டு வாடகைக்கு என்ன வழி என்று மனசு எங்கெல்லாமோ ஓடியது. ஓடிப்போய் மறுபடியும் அந்தக் காகிதத் தொப்பியில் வந்து நின்றது. பிள்ளை தன்னைப்போல் நடித்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். தான் இன்றைக்குச் செய்தது அந்த விளையாட்டில்கூடச் சேர்த்தி இல்லை.

"சார், அந்த செக்கிங் செல்லாது," என்றாள்.

"என்னம்மா சொல்ற?" என்றார் கரியப்பன்.

"பெட்டியில பச்சப் பந்தே கெடையாது. எல்லாத்தையும் நான் எடுத்துட்டேன். மேடத்தப் பிடிக்கணும்னே எடுத்தேன். என் கூடையில கெடக்கு, போய்ப் பாருங்க."

கரியப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தலையை மட்டும் ஆட்டினார். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்தார். இந்தப் பந்துக்காகத்தான் அத்தனை பெண்களும் கேட்டில் உட்கார்ந்தார்கள். பெட்டியில் விளையாடியிருக்கிறார்கள் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு ஒரு லைனும் ஓடாது. சி.டி.யை எடுத்து மேஜைக்குள் போட்டுப் பூட்டினார். ராஜலட்சுமிக்கு ஒரு எச்சரிக்கை மெமோ. தேவமணி அந்த கேட்டில் இனி நிற்கக் கூடாது.

செக்யூரிட்டி ஏஜென்சிக்காரன் திட்டித் தீர்த்துவிட்டு அவளை ஒரு குடோன் வாசலுக்கு மாற்றினான். சம்பளம் குறைவு. சோதனை போட ஆளும் கிடையாது. ஐசக் ஒரு வாரம் கேலி பேசவே இல்லை. அதுதான் அவளுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஸ்டூடியோவில் எடுத்த ஜாஸ்லின் படத்தை ஒரு கவரில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ராஜலட்சுமியிடம் நீட்டினாள்.

"வெப்சைட்டுல போடுங்க மேடம். பேரு, வேல எல்லாம் எழுதியிருக்கேன்."

ராஜலட்சுமி கையை நீட்டவில்லை. கவரைப் பார்த்தாள். தேவமணியின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கவரைப் பார்த்தாள். "எதுக்கு இப்ப குடுக்கறீங்க?"

"பிள்ள ஆசப்படுதா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல மேடம்."

"வெங்கடப்பண்ணா, கொஞ்சம் இங்க வாங்க," என்று கூப்பிட்டாள் ராஜலட்சுமி. "ஜாஸ்லின் அம்மா படம் தர்றாங்க. உங்க கையில வாங்கிக்குங்க. அவங்களே குடுத்தாங்கன்னு நீங்க சாட்சி." வெங்கடப்பன் ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார். அவள் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டது தேவமணிக்குச் சுருக்கென்று தைத்தது. கோபித்துக்கொள்ள வாயில்லை. தானாக இருந்தால் கவரைக் கிழித்து உள்ளே வெளியே பார்த்திருப்பாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை உங்க முறைதாம்மா," என்றார் வெங்கடப்பன் தேவமணியிடம். "நீங்க வந்து போட்டோ எடுக்கலாம்."

"நானும் கூட வந்து உக்காந்துக்கறேன்," என்றாள் ராஜலட்சுமி சட்டென்று.

"வாங்க மேடம். இருந்து பாத்துக்கோங்க," என்றாள் தேவமணி.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில், யு.கே.ஜி. பிள்ளைகளுக்கென்று செய்த குட்டிப் பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தேவமணி கேமராவைக் கண்ணில் வைத்து ஜாஸ்லினைத் தேடிக்கொண்டிருந்தாள். ராஜலட்சுமி தேவமணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.